எம்-சாண்ட்: உங்கள் சுவருக்குள் இருப்பது மணலா, கிரஷர் தூசியா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலோ ஹைதராபாத் கச்சிபவுலியிலோ ஒரு ஃப்ளாட் பார்க்கப் போகிறீர்கள். கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், இஎம்ஐ கணக்கு எல்லாம் காட்டுகிறார்கள். அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "என்ன மணல் போடுறீங்க?"

"எம்-சாண்ட் சார். இப்ப எல்லாரும் அதான்" என்று பதில் வரும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் சந்தையில் விற்கின்றன. ஒன்று, சல்லடைக் கணக்குப்படி தயாரித்த மணல். இன்னொன்று, ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூசி. லாரியில் பார்த்தால் இரண்டும் சாம்பல் நிறம்தான். வித்தியாசம் பிறகு சுவரில் தெரியும்.

அந்தத் தூசி எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்தாலே இந்தத் தொழில் பெரும்பாலும் புரிந்துவிடும். வாங்க, பார்க்கலாம்.

எம்-சாண்ட் என்றால் என்ன?

கடினமான பாறையை உடைத்து, 4.75 மி.மீ.க்குக் கீழே உள்ள துகள்களாக்கி, அளவு வாரியாகச் சரிசெய்து எடுப்பதுதான் எம்-சாண்ட். 4.75 மி.மீ. என்பது கட்டுமானத்தில் ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேல் ஜல்லி, கீழே மணல்.

இதில் இரண்டு ரகம் உண்டு. கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட். சுவர்ப் பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். இது பொதுவாக 2.36 மி.மீ.க்குக் கீழே சலித்தது. பூச்சு வேலைக்கு எம்-சாண்டையே போட்டு, "சொரசொரன்னு வருதே" என்று மேஸ்திரி சிமெண்ட்டைக் கூட்டினால் தப்பு மணலில் இல்லை, வாங்கியதில்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சுமார் 700 கிலோ மணல் போகிறது. சிமெண்ட் அதில் பாதி அளவுதான். ஆனால் சிமெண்ட் மூட்டையில் பிராண்டைப் பார்க்கும் நாம் மணலைப் பார்ப்பதே இல்லை.

ஆற்று மணலுக்கு என்ன ஆச்சு?

மத்திய சுரங்க அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட மணல் கொள்கைக் கட்டமைப்பு, 2016-17-ல் நாட்டின் மணல் தேவையை ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டன் என்று கணக்கிட்டது. அது ஆண்டுதோறும் 6 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது என்றும் சொன்னது. ஆறுகள் அந்த வேகத்தில் மணலைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஆற்றுப் படுகையில் மணல் வெறுமனே கிடக்கவும் இல்லை. மழை நீரைப் பிடித்து வைத்து, கரையோரக் கிணறுகளுக்குக் கொடுக்கும் பஞ்சு அது. அதை அள்ளினால் கிணறு வற்றும், கரை சரியும், பாலத்தின் அடித்தளம் வெளியே தெரியும்.

எனவே சட்டம் ஒவ்வொரு கதவாக மூடியது. கேரளா 2001-லேயே ஆற்றங்கரைப் பாதுகாப்பு, மணல் அள்ளுதல் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. தீபக் குமார் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. ராஜஸ்தானில் ஆற்று மணல் அள்ள 2017 நவம்பரில் விழுந்த தடை 2021 நவம்பரில்தான் நீங்கியது.

"ராஜஸ்தானா? அங்கே பாலைவனம் பூரா மணல்தானே?" என்று கேட்கத் தோன்றும். தோன்ற வேண்டிய கேள்விதான். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகி, மிக நைசாகிவிட்டது. கான்கிரீட்டுக்கு வேண்டிய பல அளவுத் துகள்கள் அதில் இல்லை, பிடிப்பும் குறைவு. தார் பாலைவனம் இருக்கும் மாநிலமே பாறையை உடைத்து மணல் செய்ய எம்-சாண்ட் கொள்கை வெளியிட்டது இதனால்தான். தமிழ்நாடு 2023-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. மகாராஷ்டிரா 2025-ல் அந்த வழியில் வந்தது.

பெங்களூரு இந்த மாற்றத்தை முன்னாடியே பார்த்துவிட்ட நகரம். நகரத்தில் பெரிய ஆறு இல்லை, சுற்றிலும் பாறை இருக்கிறது. ராமநகரா, சிக்கபள்ளாப்பூர், எல்லை தாண்டினால் நம்ம ஓசூர் பக்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் டிப்பர் லாரிகள் வருகின்றன. இந்திய அறிவியல் கழகம் கர்நாடக கனிமத் துறைக்காகச் செய்த ஆய்வில், சரியாகத் தயாரித்த எம்-சாண்ட் கலவையின் வலிமை ஆற்று மணல் கலவைக்குக் குறைந்ததில்லை என்றே தெரிந்தது. முக்கியமான சொல்: சரியாகத் தயாரித்த.

பாறை எப்படி மணலாகிறது?

குவாரியில் துளை போட்டு, வெடி வைத்து, பாறையைப் பெயர்க்கிறார்கள். அது கிரஷருக்கு வருகிறது. அதன்பின் நான்கு கட்டங்கள்.

முதலில் ஜா கிரஷர். தாடை மாதிரி இரண்டு இரும்புத் தட்டுகள் பெரிய கல்லைக் கடித்து உடைக்கும். அடுத்து கோன் கிரஷர். இது கல்லை நசுக்கி ஜல்லி அளவுக்குக் கொண்டுவரும். முக்கால் ஜல்லி, அரை ஜல்லி எல்லாம் இந்தக் கட்டத்திலேயே பிரிந்துவிடும்.

மூன்றாவது விஎஸ்ஐ என்ற இயந்திரம். செங்குத்து அச்சில் சுழலும் ஒரு ரோட்டார் கல்லை விசிறி எறியும். வேகம் வினாடிக்கு 50 மீட்டருக்கும் மேல், அதாவது மணிக்கு 180 கி.மீ. கல் கல்லோடு மோதி, கூர்முனைகள் உடைந்து, துகள் ஓரளவு கனசதுர வடிவத்துக்கு வரும். கான்கிரீட்டுக்குத் தேவை இந்த வடிவம். ஜா, கோன் கிரஷர்களில் நசுங்கி வரும் துகள் தட்டையாக, ஊசி மாதிரி இருக்கும். அது கலவையில் சரியாக அடுங்காது.

நான்காவது, தூசியைப் பிரிப்பது. தண்ணீர் விட்டுக் கழுவலாம், அல்லது காற்றால் ஊதிப் பிரிக்கலாம்.

கிரஷர் டஸ்ட்டும் எம்-சாண்டும் ஒண்ணுதானா?

இல்லை. மூன்றாவது, நான்காவது கட்டங்கள் இல்லாமல் வருவது கிரஷர் டஸ்ட். இரண்டும் முடிந்து வருவது எம்-சாண்ட்.

ஒரு கிரஷர் உரிமையாளர் கோணத்திலிருந்து பாருங்கள். விஎஸ்ஐ விலை அதிகம், கரண்ட் நிறைய இழுக்கும், உள்ளே தேயும் பாகங்களை அடிக்கடி மாற்ற வேண்டும். கழுவ தண்ணீர் வேண்டும். பாறையை மணல் அளவுக்கு உடைத்தால் பொதுவாகப் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை 75 மைக்ரானுக்குக் கீழான மாவாகிவிடும். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன் அது. அந்த மாவைக் கழுவி வெளியே தள்ளினால், தள்ளும் ஒவ்வொரு டன்னும் விற்கக்கூடிய சரக்கு. தள்ளாமல் கலந்தே அனுப்பினால்? லாபம். தூசி மணலாகும் இடம் இதுதான்.

தூசி சுவருக்குள் போனால்...

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 383 இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 75 மைக்ரானுக்குக் கீழான தூள் ஆற்று மணலில் 3 சதவீதம் வரை இருக்கலாம். உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை இருக்கலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஆற்று மணலில் வரும் நைஸ் தூள் பெரும்பாலும் வண்டலும் களிமண்ணும். அது சிமெண்ட் ஒட்டுவதைக் கெடுக்கும். கல் மணலில் வருவது பாறை மாவு. அது கொஞ்சம் இருந்தால் துகள்களுக்கு இடையிலான சந்தை நிரப்பும், நல்லதுதான். எனவே "ஜீரோ டஸ்ட் சார்" என்று யாராவது பெருமையாக விற்றால், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

எல்லையைத் தாண்டினால்தான் பிரச்னை. நைஸ் தூள் கூடக் கூட அதை நனைக்கத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். கலவை இறுகிப்போவதால் சைட்டில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவார்கள். சிமெண்ட் அதே அளவு, தண்ணீர் அதிகம் என்றால் கான்கிரீட்டின் வலிமை குறையும். காயும்போது சுருங்கி, மெல்லிய விரிசல் விடும். அந்த விரிசல் வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். பூச்சில் போட்டால் சிலந்தி வலை மாதிரி கீறல் விழும். பெயின்ட் அடித்து மறைப்பார்கள், மறுபடி வரும்.

தூசி காற்றில் போனால்...

சுவருக்குள் போகாத தூசி மாயமாகிவிடாது. கிரஷரில் கல் விழும் ஒவ்வொரு இடத்திலும், பெல்ட் ஓடும் ஒவ்வொரு திருப்பத்திலும் அது காற்றில் எழுகிறது. கிரானைட் பாறையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. மகாராஷ்டிராவின் பசால்ட்டில் இது மிகக் குறைவு. தென்னிந்தியாவின் கிரானைட், நைஸ் பாறைகளில் அதிகம்.

இந்தத் தூசியில் சில மைக்ரான் அளவே உள்ள துகள்கள் மூச்சில் போய் நுரையீரலின் காற்றறை வரை இறங்கி, அங்கேயே தங்கிவிடும். அதைச் சுற்றித் தழும்பு வளரும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகலாம். காசநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. அறிகுறிகள் ஒன்றுபோல இருப்பதால் "டிபி" என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் சகஜம். டிபி என்று எழுதிவிட்டால் அது தொழில்சார் நோய்க் கணக்கில் வராது. நஷ்டஈடு கேட்க ஆதாரமும் இருக்காது.

டெல்லியில் இது கண்ணெதிரே நடந்தது. லால் குவான் உள்ளிட்ட பகுதிகளில் இருந்த கிரஷர்களை மூடி, ஹரியானாவின் பாலி பகுதிக்கு மாற்ற 1992-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நகரத்தின் காற்று கொஞ்சம் தப்பியது. ஆனால் அங்கே வேலை செய்தவர்களின் நுரையீரலில் ஏற்கெனவே போன தூசியை எந்த உத்தரவும் வெளியே எடுக்க முடியவில்லை. கிரஷர்கள் போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் லால் குவானில் சிலிகோசிஸ் நோயாளிகள் இருந்தார்கள்.

இதற்கு நெருங்கிய இன்னொரு தொழில் குவார்ட்ஸ் கல்லை மாவாக்குவது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிப் பழங்குடி மக்கள் குஜராத்தின் கோத்ரா பக்க ஆலைகளுக்கு அந்த வேலைக்குப் போனார்கள். அவர்களில் சிலிகோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க 2016-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. ராஜஸ்தான் 2019-ல் இந்த நோய்க்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. சான்று பெற்ற நோயாளிக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு மாநில அரசு இதற்குத் தனி விலைப்பட்டியல் போடுகிறது என்றால், எத்தனை பேருக்கு இந்த நோய் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தூசி தண்ணீரில் போனால்...

கழுவி எடுக்கும் ஆலையில் தூசி காற்றில் பறப்பது குறையும். ஆனால் அது சேறாக வெளியே வரும். தெளியவைக்கும் தொட்டி கட்டி, தண்ணீரைத் திரும்ப எடுத்து, சேற்றைத் தனியாகக் கொட்டினால் சரி. செலவை மிச்சம் பிடித்து ஓடையில் விட்டால், அது ஏரியில் படியும், வயலில் சிமெண்ட் பூசின மாதிரி இறுகும்.

குவாரியில் வெடி இன்னொரு ஆபத்து. 2021 ஜனவரியில் கர்நாடகாவின் சிவமொக்கா அருகே ஹுனசோடுவிலும், அடுத்த மாதமே சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் ஹிரேநாகவள்ளியிலும் குவாரி வெடிபொருள் வெடித்துச் சிதறியது. இரண்டு இடத்திலும் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். பெங்களூருவின் அடுக்குமாடிகளுக்கும் சிக்கபள்ளாப்பூருக்கும் இடையில் அதிக தூரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டடக் கல்லும் சாதாரண மணலும் 1957-ம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு. எனவே மாநிலத்துக்கு மாநிலம் உரிமத்தொகை, நடைச்சீட்டு முறை எல்லாம் மாறும். தமிழ்நாட்டில் 2025-ல் கனிம நிலத்துக்குப் புது வரி வந்தபோது ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது நினைவிருக்கலாம்.

தூசிக்கு மத்திய விதியே இருக்கிறது. கிரஷரின் எந்த இயந்திரத்திலிருந்தும் 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் அளந்தால், காற்றில் மிதக்கும் தூசி ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இயந்திரங்களை மூடி வைக்க வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், காற்றுத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், வளாகத்துக்குள் தார் சாலை போட வேண்டும், எல்லையில் மரம் வளர்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023-ல் கிரஷர்களுக்கென விரிவான வழிகாட்டுதலும் தந்தது. கர்நாடகாவில் 2011-ம் ஆண்டுச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு மண்டலத்துக்குள்தான் கிரஷர் உரிமம்.

விதி இல்லாமல் இல்லை. ஒரு கிரஷர் பக்கம் காரில் போகும்போது சாலையோர மரங்களின் இலை பச்சையாக இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அந்த இலையே சொல்லிவிடும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஊரில் அப்பா, அம்மாவுக்கு வீடு கட்டுகிறீர்கள் என்றால்:

• டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். அதில் 4.75 மி.மீ. முதல் 150 மைக்ரான் வரை ஒவ்வொரு சல்லடையிலும் எத்தனை சதவீதம் இறங்கியது என்று இருக்கும். 600 மைக்ரான் வரியைப் பாருங்கள். அதில் 35 முதல் 59 சதவீதம் வரை இருந்தால் மண்டலம் 2, சாதாரண கான்கிரீட்டுக்குப் பொருத்தமானது. அடுத்து 75 மைக்ரான் வரி. 15-ஐத் தாண்டக் கூடாது.

• "விஎஸ்ஐ இருக்கா? கழுவினதா?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை ஆலைக்கே போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் கட்டுகிறீர்கள் என்றால், பொதுப்பணித் துறை தரச் சான்று பெற்ற ஆலையா என்றும் கேட்கலாம்.

• லோடு வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் கீழே போடுங்கள். மாவு மாதிரி அப்பிக்கொண்டால் சந்தேகப்படுங்கள்.

• கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி 3 மணி நேரம் விடுங்கள். எம்-சாண்டில் மேலே ஒரு மாவு அடுக்கு வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அது சாம்பல் நிறமா, செம்மண் நிறமா என்று பாருங்கள். செம்மண் நிறம் என்றால் பாறையோடு மேல்மண்ணும் சேர்ந்து அரைபட்டிருக்கலாம். அடுக்கு தடிமனாக இருந்தாலும் சரி, சிவப்பாக இருந்தாலும் சரி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். பல பொறியியல் கல்லூரிகளிலேயே இதைச் செய்து தருவார்கள்.

• யூனிட் கணக்கில் வாங்கினால் 100 கன அடி என்று அளந்து பாருங்கள். ஈர மணல் உப்பி அதிகமாகத் தெரியும். எடைச் சீட்டும் நடைச்சீட்டும் வாங்கி வையுங்கள்.

ஃப்ளாட் வாங்குகிறீர்கள் என்றால் மணலை நீங்கள் பார்க்கவே போவதில்லை. ரெடிமிக்ஸ் லாரியில் கலவையாகத்தான் வரும். அங்கே கேட்க வேண்டியது கான்கிரீட் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட். 28 நாள் கழித்து உடைத்துப் பார்த்த வலிமை அதில் இருக்கும். ரெரா சட்டத்தின் 14(3) பிரிவையும் நினைவில் வையுங்கள். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் செலவு கேட்காமல் சரிசெய்ய வேண்டும். விரிசலைத் தேதியோடு போட்டோ எடுத்து, இமெயிலில் அனுப்புங்கள். வாட்ச்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது எண்ணிக்கையில் வராது.

வேறு வழி இருக்கா?

இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இருந்து தோண்டிக் கொட்டும் மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கோல் இந்தியாவின் துணை நிறுவனங்கள் மணல் எடுக்கின்றன. இடித்த கட்டடக் கழிவை அரைத்துப் பயன்படுத்தும் ஆலை டெல்லி புராரியில் 2009 முதல் இருக்கிறது. 2016-ல் திருத்திய ஐஎஸ் 383, மறுசுழற்சி கான்கிரீட் துகள்களையும் உருக்குத் தொழிலின் கசடையும் வரம்புக்கு உட்பட்டுக் கான்கிரீட்டில் சேர்க்க அனுமதிக்கிறது. இவை ஆற்றையும் தொடாது, புது மலையையும் உடைக்காது. ஆனால் மொத்தத் தேவையோடு ஒப்பிட்டால் இன்னும் சிறு அளவுதான்.

சுருக்கமா சொன்னா...

எம்-சாண்ட் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியாகச் செய்தால் ஆற்று மணலுக்கு இணையானது, ஆற்றையும் காப்பாற்றுகிறது. ஆனால் பாறையை மணலாக்கும்போது தூசி வந்தே தீரும். அதைப் பிடித்து ஒழுங்காக அப்புறப்படுத்த ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு உங்கள் லோடின் விலையில் சேரவில்லை என்றால், உங்கள் சுவரிலோ, கிரஷரில் நிற்பவரின் நுரையீரலிலோ, பக்கத்து ஊர் ஏரியிலோ சேர்ந்திருக்கும்.

எனவே அடுத்த முறை யாராவது மற்றவர்களைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு "எம்-சாண்ட்" தருகிறேன் என்றால், ஒரே கேள்வி போதும்: "தூசியை என்ன பண்றீங்க?"